ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: அதில் எவ்வளவு ரசவாதம், எவ்வளவு வரலாறு?

ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்து முடித்த கையோடு எல்லாருக்கும் வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான்: இந்த விதி நிஜமா, அந்தக் கல் நிஜமா, இப்படி ஒரு ஆள் இருந்தாரா. நான் வேதியியல் படித்தவன், அனிமே பைத்தியமும்கூட. அதனால் இந்தக் கேள்விகள் என்னிடம் அடிக்கடி வந்து சேர்கின்றன. கதையின் முக்கியமான திருப்பங்கள் கீழே வெளிப்படையாக வருகின்றன. இன்னும் பார்க்காதவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் பார்த்ததில்லை. என்ன கதை?

ஹிரோமு அராகவா என்ற பெண் ஓவியர் 2001 முதல் 2010 வரை ஒரு மாத இதழில் வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை இது. புத்தகமாக 27 தொகுதிகள். எட்வர்ட், அல்போன்ஸ் என்ற இரண்டு சிறுவர்கள், செத்துப்போன அம்மாவை ரசவாதத்தால் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அம்மா வரவில்லை. அண்ணனுக்கு ஒரு கால் போகிறது, தம்பிக்கு உடம்பே போய்விடுகிறது. தம்பியின் உயிரையாவது பிடித்து நிறுத்த அண்ணன் தன் ஒரு கையையும் கொடுத்து, அதை ஓர் இரும்புக் கவசத்தில் கட்டிவைக்கிறான். இழந்த உடம்புகளை மீட்க ரசவாதக் கல்லைத் தேடிப் புறப்படுகிறார்கள். மீதிக்கதை அந்தத் தேடல்தான்.

அனிமேயாக இரண்டு முறை வந்திருக்கிறது. 2003இல் வந்தது 51 பகுதிகள். அப்போது மாங்கா முடியவில்லை என்பதால் பாதியிலிருந்து அது தன் சொந்த வழியில் போகும். 2009இல் வந்த ‘பிரதர்ஹுட்’ 64 பகுதிகள், மாங்காவை ஒட்டியே செல்லும். எதுவென்று நான் குறிப்பிடாத இடங்களில் பிரதர்ஹுட்டையே சொல்கிறேன்.

கதை நடக்கும் அமெஸ்ட்ரிஸ் நாடு ஜெர்மனிதானே?

பாதி சரி. நீலச் சீருடை, இராணுவ ஆட்சி, ஆங்கில வசனத்தில் தலைவருக்கு ஹிட்லரின் ‘ஃப்யூரர்’ என்ற பட்டம், இதையெல்லாம் பார்த்தால் ஜெர்மனிதான் ஞாபகம் வரும். ஆனால் அராகவாவை முதலில் ஈர்த்தது தொழிற்புரட்சிக் கால ஐரோப்பா, அதிலும் இங்கிலாந்து. ரயில், நிலக்கரிச் சுரங்க ஊர், செங்கல் வீடுகள் எல்லாம் அங்கிருந்து வந்தவை.

அந்தப் பட்டத்தில் ஒரு சுவாரசியம் உண்டு. ஜப்பானிய மூலத்தில் அமெஸ்ட்ரிஸின் தலைவர் பிராட்லியின் பதவி ‘தைசோதோ’. 1912இல் பிறந்த சீனக் குடியரசில் யுவான் ஷிகாய் வகித்த தலைவர் பதவியும் இதே எழுத்துகளில்தான் எழுதப்படும். பெயரளவுக்கு ஒரு சட்டசபையை வைத்துக்கொண்டு இராணுவத்தை நம்பி ஆண்டவர் அவர். ஹிட்லர் சாயல் ஆங்கில மொழிபெயர்ப்பில் இன்னும் கொஞ்சம் அழுத்தமாகிவிட்டது, அவ்வளவுதான்.

கதை நடப்பது அவர்களுடைய காலண்டரில் 1914, 1915. சகோதரர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே கொளுத்திவிட்டுக் கிளம்பிய நாளான 1911 அக்டோபர் 3 எட்வர்டின் கடிகார மூடிக்குள் பொறிக்கப்பட்டிருக்கும். இதை நம்முடைய 1911 என்று எடுத்துக்கொண்டு குழம்ப வேண்டாம்.

பாத்திரங்களின் பெயர்களைக் கவனித்தீர்களா? மஸ்டாங், ஹாவக், ஹாக்ஐ மூன்றும் அமெரிக்க இராணுவ விமானங்கள். பிராட்லி ஒரு கவச வண்டி. அமெஸ்ட்ரிஸ் வானத்தில் ஒரு விமானம்கூடப் பறக்காது என்பது தனி வேடிக்கை.

‘சம மாற்று’ விதி உண்மையான ரசவாத விதியா?

இல்லை. அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான்.

‘ஒன்றைப் பெற வேண்டுமென்றால் அதே மதிப்புள்ள இன்னொன்றைக் கொடுத்தாக வேண்டும்’ என்பது அனிமேயின் அடிப்படை விதி. நிஜ ரசவாதிகள் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள். அவர்கள் ஆசைப்பட்டது இதற்கு நேர் எதிரானதற்கு. கல்லைப் பொடித்து ஒரு சிட்டிகை எடுத்து, மெழுகில் உருட்டி, உருகிக் கொதிக்கும் ஈயத்தில் போட்டால் சட்டி முழுக்கத் தங்கமாகிவிட வேண்டும். அதோடு கல்லையே பத்து மடங்கு, நூறு மடங்கு என்று வீரியம் கூட்டிக்கொண்டே போகலாம் என்றும் நம்பினார்கள். கொஞ்சம் கொடுத்துக் கொள்ளை கொள்ளையாக எடுக்கும் வித்தை. இங்கிலாந்தில் 1404இல் இதற்கு எதிராக வந்த சட்டம், பொன்னையும் வெள்ளியையும் ‘பெருக்குவது’ குற்றம் என்றுதான் சொன்னது. செய்துவிடுவார்களோ என்று அரசே பயந்திருக்கிறது!

சம மாற்று விதி உண்மையில் வேதியியலுக்குச் சொந்தம். எதிர்வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறாது என்பதைத் தராசு வைத்து நிறுவி, 1789இல் பாடநூலாகவே எழுதியவர் பிரான்சின் லவாய்சியே. ரசவாதத்தின் கதையை முடித்துவைத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த விதியையே எடுத்து ரசவாதத்தின் அரியணையில் உட்காரவைத்துவிட்டார் அராகவா. பழைய ரசவாதிகளின் கனவு இந்தக் கதையில் கல்லுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. கொடுக்காமலே எடுக்க வழி உண்டு என்று ஆசைகாட்டுவது அது ஒன்றுதான். கதையின் மோதல் முழுக்க லவாய்சியேவுக்கும் பழைய ரசவாதிகளுக்கும் நடக்கும் சண்டை என்றே எனக்குப் படுகிறது.

இன்னொரு ஊற்றும் உண்டு. அராகவா ஹொக்கைடோவில் ஒரு பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். டோக்கியோவுக்குப் போகும் முன் ஏழு வருஷம் அந்தப் பண்ணையில் வேலை பார்த்திருக்கிறார். உழைக்காதவனுக்குச் சோறு கிடையாது என்பது அந்த வீட்டுச் சட்டம். லவாய்சியேவைவிட மாட்டுக்கொட்டிலுக்குத்தான் இந்த விதியில் பங்கு அதிகமோ என்னவோ.

மனித உடம்புக்கு எட்வர்ட் ஒப்பிக்கும் பொருள் பட்டியல் சரியா?

நான் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மோசமில்லை.

அவன் சொல்வது: தண்ணீர் 35 லிட்டர், கரி 20 கிலோ, அம்மோனியா 4 லிட்டர், சுண்ணாம்பு 1.5 கிலோ, பாஸ்பரஸ் 800 கிராம், உப்பு 250 கிராம், வெடியுப்பு 100 கிராம், கந்தகம் 80 கிராம், ஃபுளோரின் 7.5 கிராம், இரும்பு 5 கிராம், சிலிக்கன் 3 கிராம், அப்புறம் மிகச் சிறு அளவில் வேறு 15 தனிமங்கள். ஒரு சின்னப் பையன் கைக்காசில் சந்தையில் வாங்கிவிடலாம், மனிதன் அவ்வளவு மலிவு என்பான்.

70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் கால்சியம் சுமார் ஒரு கிலோ இருக்கும். எட்வர்டின் சுண்ணாம்பைச் சுட்ட சுண்ணாம்பாக, அதாவது கால்சியம் ஆக்சைடாக எடுத்துக்கொண்டால் அதில் கிடைக்கும் கால்சியம் 1.07 கிலோ. அசத்தல்! 250 கிராம் உப்பில் சோடியம் 98 கிராம், உடம்பில் இருப்பது ஏறக்குறைய 100. பாஸ்பரஸும் பொருந்துகிறது. இரும்பு நான்கு கிராம் போதும், ஐந்து சொல்கிறான், போகட்டும். கரி நான்கு கிலோ கூடுதல். கந்தகம் கிட்டத்தட்ட பாதிதான். ஃபுளோரின் இரண்டு மடங்குக்கு மேல். பெரிய ஓட்டை பொட்டாசியத்தில் விழுகிறது: உடம்புக்கு 140 கிராம் தேவை, அவன் வாங்கிய வெடியுப்பில் 39தான் தேறும். மக்னீசியத்தின் பெயரே காணோம். அந்தப் பதினைந்தில் ஒன்றாக ஒளிந்திருக்கலாம் என்று விட்டுவிடுவோம்.

எல்லாவற்றையும் கூட்டினால் 60 கிலோ சொச்சம் வருகிறது. ஒரு பெண்ணின் உடம்புக்குச் சரியான எடை.

ரசவாதிகள் தரையில் வட்டம் வரைந்தார்களா?

வரையவில்லை. அது ஆவிகளைக் கூப்பிடும் மாந்திரீகச் சுவடிகளிலிருந்து வந்த சமாச்சாரம். ரசவாதியின் கருவிகள் உலை, குடுவை, காய்ச்சி வடிக்கும் வாலை, இவைதான். கையைத் தட்டினால் சுவர் எழும்பாது. வாரக்கணக்கில் உலைக்கு முன்னால் உட்கார்ந்து கண் எரிய ஊத வேண்டும். இவர்களைக் கேலியாக ‘ஊதுகிறவர்கள்’ என்றே ஐரோப்பாவில் அழைத்தார்கள். அனிமேயில் வட்டம் கொடுக்கும் அழகை உலை கொடுத்திருக்காது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஹோஹன்ஹைம் என்று யாராவது இருந்தார்களா?

இருந்தார். சகோதரர்களின் அப்பா வான் ஹோஹன்ஹைமின் பெயர் பாராசெல்சஸிடமிருந்து எடுத்தது. பாராசெல்சஸின் முழுப்பெயர் தியோஃபிராஸ்டஸ் பொம்பாஸ்டஸ் ஃபான் ஹோஹன்ஹைம். 1493 வாக்கில் இன்றைய சுவிட்சர்லாந்தின் ஐன்சீடல்ன் ஊரில் பிறந்த மருத்துவர், வாயாடி, ஊர்சுற்றி. 1527இல் பாசல் நகரின் மருத்துவராக இருந்தபோது, இப்னு சீனாவின் மருத்துவ நூலை மாணவர்களின் திருவிழா நெருப்பில் தூக்கிப் போட்டார் என்பார்கள். லத்தீனில் அல்லாமல் ஜெர்மன் மொழியில் பாடம் நடத்தினார். அடுத்த வருஷமே ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. 1541இல் சால்ஸ்பர்கில் இறந்தார்.

அவருக்குத் தங்கத்தில் பெரிய ஆர்வமில்லை. ரசவாதத்தின் வேலை மருந்து செய்வது என்றார். விஷமா மருந்தா என்பதை அளவுதான் முடிவு செய்கிறது என்ற அவருடைய கருத்தின் மேல்தான் இன்றைய நச்சியல் நிற்கிறது. கதையில் ஹோஹன்ஹைம் ஊர் ஊராக அலைவதும், வழியில் சந்தித்த ஒரு நோயாளியின் உடம்பைச் சரிசெய்வதும் அப்படியே பாராசெல்சஸ்தான்.

பொருள்கள் எல்லாம் உப்பு, கந்தகம், பாதரசம் என்ற மூன்றால் ஆனவை என்றும், அவை முறையே உடல், ஆன்மா, உயிர்மூச்சு என்றும் பாராசெல்சஸ் கற்பித்தார். அனிமேயில் மனிதன் உடல், மனம், ஆன்மா என்று மூன்றாகப் பிரிக்கப்படுவதன் பாட்டன் இதுதான்.

ஹோமுன்குலஸ் என்ற செயற்கை மனிதனுக்குச் செய்முறை நிஜமாகவே எழுதப்பட்டிருக்கிறதா?

எழுதப்பட்டிருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில் படிக்க வேண்டாம். பாராசெல்சஸின் பெயரில் வழங்கும் ஒரு நூலில் வருகிறது. அவரே எழுதியதா என்பதில் அறிஞர்களுக்குச் சந்தேகம் உண்டு. மனித விந்துவை மூடிய குடுவையில் வைத்துக் குதிரைச் சாணத்தின் சூட்டில் 40 நாள் அழுகவிட வேண்டும். மனித உருவில், ஒளி ஊடுருவும் ஏதோ ஒன்று அசைய ஆரம்பிக்கும். அதற்கு மனித ரத்தத்தின் சாரத்தை ஊட்டி, அதே சூட்டில் 40 வாரம் வைத்தால் சின்னஞ்சிறு குழந்தை தயார். இப்படிப் பிறந்தவர்கள் பெரியவர்களாகும்போது எல்லா ரகசியங்களையும் அறிந்திருப்பார்கள் என்றும் அந்த நூல் சொல்கிறது.

குடுவைக்குள் மிதந்துகொண்டு, எல்லாம் தெரிந்தமாதிரி பேசும் அந்தக் கருப்புக் குட்டி உருவம் ஞாபகம் வருகிறதா? அடிமை இளைஞனின் ரத்தத்தில் பிறந்து, அவனுக்கே ஹோஹன்ஹைம் என்று பெயரும் சூட்டியது அதுதான். இந்த இடத்தில் அராகவா மூல நூலை நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது தெரிகிறது.

கதையின் வில்லன்களான ஏழு ஹோமுன்குலஸுக்கு ஏழு பாவங்களின் பெயர் வைத்தது மட்டும் ரசவாதம் அல்ல, கிறிஸ்தவ மரபு. ரசவாதிகளின் ஏழு என்றால் ஏழு உலோகமும் ஏழு கோளும்: தங்கத்துக்குச் சூரியன், வெள்ளிக்குச் சந்திரன், இரும்புக்குச் செவ்வாய், ஈயத்துக்குச் சனி என்று போகும்.

அந்தச் சின்னங்கள்?

எட்வர்டின் சிவப்புக் கோட்டு முதுகில் சிலுவையில் சுற்றிய பாம்பு இருக்கிறதே, அது நிக்கோலா ஃபிளமெல் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சின்னம். ஃபிளமெல் 1418இல் இறந்த பாரிஸ் எழுத்தர். அவர் 1407இல் கட்டிய வீடு இன்றும் அங்கே நிற்கிறது. ஆனால் அவர் தங்கம் செய்தார் என்ற கதை, செத்து இருநூறு வருஷம் கழித்து, 1612இல் அவர் பெயரில் வெளிவந்த புத்தகத்தால்தான் ஊரெல்லாம் பரவியது. பாவம், அவர் உயிரோடிருந்தபோது சொத்துபத்து நிறைந்த ஒரு சாதாரண மனிதர்.

ஹோமுன்குலஸ்களின் உடம்பில் இருக்கும், தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு இன்னும் பழையது. எகிப்தில் துத்தன்காமன் கல்லறையிலேயே அதன் உருவம் இருக்கிறது. கிளியோபாட்ரா என்ற பெண் ரசவாதியின் பெயரில் வழங்கும் கிரேக்கச் சுவடியில், பாம்பின் வளையத்துக்குள் மூன்றே சொற்கள்: ‘எல்லாம் ஒன்றே’ என்று பொருள். சகோதரர்களின் குரு இசுமி இரண்டு சிறுவர்களையும் தீவில் ஒரு மாதம் பட்டினி போட்டுக் கண்டுபிடிக்கச் சொன்ன விடை!

நிஜமாகவே ரசவாதக் கல்லுக்கு மனித உயிர் தேவைப்பட்டதா?

கிடையாது, அது முழுக்கக் கற்பனை. நிஜ நூல்களில் வேலை கறுப்பில் தொடங்கி, வெள்ளை வழியாக, கடைசியில் சிவப்பில் முடியும். கல் சிவப்பாக இருப்பது மட்டும் மரபுக்குச் சரி. கி.பி. 300 வாக்கில் எகிப்தில் வாழ்ந்த ஸோசிமோஸ், பலிபீடத்தில் ஒரு பூசாரி வெட்டுப்பட்டுக் கொதிக்கவைக்கப்படுவதாகக் கனவு கண்டு எழுதியிருக்கிறார். ஆனால் அங்கே பூசாரி என்றால் உலோகம். குறியீடாக இருந்ததை அனிமே அப்படியே சதையும் ரத்தமுமாக எடுத்துக்கொண்டது.

கைதிகளைக் கல்லுக்கு மூலப்பொருளாக்கும் ஐந்தாம் ஆய்வுக்கூடத்தைப் பார்க்கும்போது எனக்கு ரசவாதம் நினைவுக்கு வருவதில்லை, ஹார்பின் பக்கத்தில் ஜப்பானிய இராணுவம் நடத்திய 731ஆம் பிரிவுதான் வருகிறது. உயிரோடிருந்த கைதிகளை அங்கே ‘மருதா’, அதாவது மரக்கட்டை என்று குறிப்பிட்டார்கள். இது என் வாசிப்பு மட்டுமே, அராகவா சொன்னதல்ல.

கதையில் எட்வர்ட் வகிக்கும் அரசு ரசவாதி என்ற பதவி நிஜத்தில் எங்காவது இருந்ததா?

பதவி என்று பார்த்தால், அரசவை ரசவாதிகள் நிறையப் பேர் இருந்தார்கள். வெள்ளிக் கடிகாரமும் ஆராய்ச்சிப் பணமும் கிடைத்த கதைகள் குறைவு, சிறையும் கயிறும் கிடைத்த கதைகள் அதிகம்.

ப்ராகில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் ஆங்கிலேயர் எட்வர்ட் கெல்லிக்குப் பட்டம் கொடுத்தார். தங்கம் வராததால் அவரையே பிறகு கோட்டையில் அடைத்தார். 1597இல் ஸ்டுட்கார்ட்டில் கியோர்க் ஹோனவர் என்பவரைத் தூக்கில் போட்டார்கள், இரும்பால் செய்த தூக்குமரத்தில்.

எனக்குப் பிடித்தது பெட்கரின் கதை. யோஹான் ஃப்ரீட்ரிக் பெட்கர் பெர்லினில் மருந்துக்கடைப் பையன். காசைத் தங்கமாக்கிக் காட்டினான் என்று பேச்சுக் கிளம்பியதும் பிரஷ்ய மன்னர் ஆள் அனுப்பினார். பையன் 1701இல் சாக்சனிக்கு ஓடினான். அங்கே ஆண்டவர் ‘பலசாலி’ என்று பெயரெடுத்த அகஸ்டஸ். அவரும் சும்மா விடுவாரா? பிடித்து வைத்துத் தங்கம் செய் என்றார். வருஷங்கள் ஓடின, தங்கம் வரவில்லை. கணித அறிஞர் சிர்ன்ஹாவுஸ் அவனைப் பீங்கான் பக்கம் திருப்பினார். சீனாவிலிருந்து வந்த வெள்ளைப் பீங்கானுக்கு ஐரோப்பா காசைக் கொட்டிக்கொண்டிருந்த காலம், செய்யும் ரகசியம் ஒருவருக்கும் தெரியாது. 1708இல் அது பிடிபட்டது. 1710இல் மைசனில் தொழிற்சாலை தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. களிமண்ணிலிருந்து தங்கம் எடுத்தவன் என்று தாராளமாகச் சொல்லலாம். பெட்கர் விடுதலையானது 1714இல், இறந்தது 1719இல். வயது 37.

ஆனால் கதையில் வரும் இராணுவ ரசவாதி மஸ்டாங் மாதிரி, படிப்பை யுத்தத்துக்குக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் ஆளைத் தேடினால் நாம் போக வேண்டியது இருபதாம் நூற்றாண்டுக்கு. ஜெர்மன் வேதியியலர் ஃப்ரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கினார். உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேரின் சோறு அதிலிருந்து வரும் உரத்தால்தான் விளைகிறது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் 150 டன்னுக்கு மேல் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட நடவடிக்கைக்கும் அவரே தலைமை. சில நாளில் அவருடைய மனைவி, அவரும் வேதியியல் படித்தவர், கணவரின் துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டார். 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு ஹேபருக்குக் கிடைத்தது.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு ஆச்சரியம். போரில் தோற்ற ஜெர்மனி கட்ட வேண்டிய இழப்பீட்டுக்காக, கடல்நீரிலிருந்து தங்கம் பிரிக்க ஹேபர் 1920களில் கப்பலேறினார்! கடலில் தங்கம் உண்மையிலேயே இருக்கிறது. அவர் நம்பிய அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்பது பல வருஷ அளவீட்டுக்குப் பிறகு தெரிந்தது. யூதராகப் பிறந்தவர் என்பதால் 1933இல் நாட்டைவிட்டுப் போக நேர்ந்து, 1934இல் பாசலில் இறந்தார். ஆமாம், பாராசெல்சஸை விரட்டிய அதே பாசல்.

அமெஸ்ட்ரிஸ் இராணுவம் இஷ்வால் மக்கள்மேல் நடத்தும் இனப்படுகொலை எந்த வரலாற்றிலிருந்து வந்தது?

பாலைவனம், தனி மதம் இரண்டையும் பார்த்து மத்தியக் கிழக்கு என்று சொல்பவர்கள் உண்டு. அராகவாவின் சொந்த மண்ணில்தான் முதலில் தேட வேண்டும். ஹொக்கைடோ ஐனு மக்களின் நிலம். மெய்ஜி அரசு 1869இல் அதற்குப் புதுப்பெயர் வைத்துக் குடியேற்றத்தை வேகப்படுத்தியது. 1899இல் ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் வந்த சட்டம் ஐனுக்களை விவசாயிகளாக்கி, அவர்களுடைய மொழியையும் வழக்கத்தையும் ஓரங்கட்டியது. அவர்களைப் பூர்வகுடிகள் என்று ஜப்பான் சட்டத்தில் எழுதியது 2019இல். அராகவாவின் முன்னோர் அந்த நிலத்தில் குடியேறி உழுதவர்கள், இது தன்னைப் பாதித்ததாக அவரே பேசியிருக்கிறார். தவிர, வயதான போர்வீரர்களைச் சந்தித்து அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார். இஷ்வால் காட்சிகளில் வீரம் இல்லாமல் வெறும் களைப்பும் வெட்கமும் இருப்பது அதனால்தான். மஸ்டாங்கும் அவருடைய உதவி அதிகாரி ஹாக்ஐயும் கடைசிவரை ‘நாங்கள் கொலைகாரர்கள்’ என்ற இடத்திலிருந்து நகர்வதில்லை. சிறுவர்களுக்கான இதழில் இப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும்.

கதையில் கிழக்கே இருக்கும் ஷிங் நாட்டு வித்தை ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

ஏனென்றால் நிஜத்திலும் சீன ரசவாதம் வேறு. மேலை ரசவாதத்தைக் குறிக்க ஜப்பானியத்தில் ‘ரென்கின்ஜுட்சு’, பொன்னைப் பக்குவப்படுத்தும் கலை. ஷிங்கின் வித்தைக்கு ‘ரென்தான்ஜுட்சு’. இதில் ‘தான்’ என்பது சாதிலிங்கம், அமர மருந்து. இது அராகவா உண்டாக்கிய சொல் அல்ல, சீன ரசவாதத்துக்கு ஜப்பானில் வழங்கும் பெயரே அதுதான். ஆங்கிலத்தில் ‘ஆல்கஹெஸ்ட்ரி’ என்று மொழிபெயர்த்தபோது, எதையும் கரைக்கும் திரவத்துக்குப் பாராசெல்சஸ் சூட்டிய பெயரைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அர்த்தம் மாறிவிட்டது.

ஷிங் நாட்டு இளவரசன் லிங் தன் நோயாளிப் பேரரசருக்காகச் சாகாவரம் தேடி வருகிறான். சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் கிழக்குக் கடலுக்கு ஆளனுப்பிய கதை இது. அப்படிப் போன ஷூ ஃபூ ஜப்பானில் கரையேறினார் என்ற ஐதீகம் ஜப்பானில் இன்றும் உண்டு. சாகாமல் இருக்கக் குடித்தது பாதரசம் என்பதால் சீக்கிரமே செத்தவர்கள் பலர். தாங் வம்சத்தில் 846இல் வூசோங், 859இல் ஷுவான்சோங் என்று அரசர்களே போனார்கள். கந்தகமும் வெடியுப்பும் தேனும் கலந்து சூடாக்கி, கை, முகம், வீடு எல்லாம் எரிந்துபோன ரசவாதிகளைப் பற்றி அந்தக் கால நூல் ஒன்று எச்சரிக்கிறது. வெடிமருந்து வந்தது அப்படித்தான்.

நம் சித்தர்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

அனிமேயில் துளியும் இல்லை, வலிந்து இழுக்க வேண்டாம். ஆனால் சொற்களில் நாம் பணக்காரர்கள். ரசவாதம் என்ற சொல்லிலேயே பாதரசம் இருக்கிறது. தொட்டால் பொன்னாக்கும் பொருளுக்குப் பரிசவேதி என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. உலோகத்தை மாற்றுவதற்கு வேதித்தல் என்ற வினைச்சொல் தாயுமானவர் பாட்டிலேயே வருகிறது. யாராவது இந்தத் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதினால் இவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

2005 படத்தில் வரும் மியூனிக் வரலாறு நிஜமா?

2003 தொடரின் தொடர்ச்சியாக வந்த படத்தில் எட்வர்ட் நம் உலகத்தில், 1923 மியூனிக்கில் மாட்டிக்கொள்கிறான். மியூனிக்கின் இனவெறிக் கூட்டமான துலே சங்கம் நிஜம், ஹிட்லரின் தோற்றுப்போன நவம்பர் கலகமும் நிஜம். திரைப்பட இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் பாத்திரமாகவே வருகிறார். வேறு உலகத்துக்குப் போகும் வாசல் மட்டும்தான் பொய்.

படம் பயன்படுத்தாமல் விட்ட ஒரு உண்மைக் கதை எனக்குக் குறையாகவே இருக்கிறது. ஹிட்லரோடு அந்தக் கலகத்தில் நடந்த தளபதி லூடென்டோர்ஃப், 1925இல் ஃப்ரான்ஸ் டாவ்ஸெண்ட் என்ற ‘தங்கம் செய்பவருடன்’ சேர்ந்து ஒரு நிறுவனமே தொடங்கினார். பணக்காரர்கள் வரிசையில் நின்று முதலீடு செய்தார்கள். 1931இல் மியூனிக் நீதிமன்றம் டாவ்ஸெண்டை மோசடிக்காகச் சிறைக்கு அனுப்பியது. படத்தின் கதை இரண்டு வருஷம் தள்ளி நடந்திருந்தால் போதும்.

அப்படியானால் ரசவாதிகள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்களா?

இல்லவே இல்லை. நியூட்டன் ரசவாதம் பற்றி எழுதிக் குவித்தது சுமார் பத்து லட்சம் சொற்கள். அந்தத் தாள்களில் பல 1936இல் ஏலத்துக்கு வந்தபோது பொருளாதார அறிஞர் கெயின்ஸ் நிறைய வாங்கிச் சேர்த்தார். முன்பு சொன்ன 1404 சட்டத்தை 1689இல் நீக்கவைக்கப் பாடுபட்டவர்களில் ராபர்ட் பாயில் ஒருவர். ஹம்பர்க்கின் ஹென்னிங் பிராண்ட் 1669இல் சிறுநீரை வாளி வாளியாகக் காய்ச்சினார். மஞ்சளாக இருக்கிறதே, தங்கம் இருக்காதா என்ற நப்பாசை. கிடைத்தது இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸ். எட்வர்டின் பட்டியலில் 800 கிராம் என்று வருகிறதே, அதே பாஸ்பரஸ்.

ஈயத்தைத் தங்கமாக்க இன்று முடியுமா?

முடியும், லாபம் இல்லை. 1924இல் ஜப்பானிய இயற்பியலர் ஹந்தாரோ நகாவோகா பாதரசத்தில் மின்சாரம் பாய்ச்சித் தங்கம் கண்டதாக அறிவித்தார். அதே சமயத்தில் பெர்லினில் மீத்த என்பவரும் அப்படியே சொன்னார். அது நிலைக்கவில்லை. அணுக்கருவைத் தொடாமல் தனிமம் மாறாது. 1980இல் க்ளென் சீபோர்க் குழு பெர்க்லியில் பிஸ்மத்தைத் தங்கமாக்கியது, சில ஆயிரம் அணுக்கள் மட்டும். ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் 2015 முதல் 2018 வரை ஈய அணுக்கருக்களை ஒன்றையொன்று உரசிப்போகவிட்டபோது 8,600 கோடி தங்க அணுக்கருக்கள் உண்டாயின என்று 2025இல் கணக்குச் சொன்னார்கள். மொத்த எடை 29 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கி அதில் 29 பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் பிறந்த நொடியிலேயே குழாய்ச் சுவரில் மோதிச் சிதறிப்போனது.

கடைசியாக, எதை முதலில் பார்ப்பது?

2003இல் வந்ததை. அதன் சோகம் வேறு ரகம், பிரதர்ஹுட்டுக்குப் பிறகு பார்த்தால் கதையோட்டம் குழப்பும். எதைப் பார்த்தாலும் அந்தச் சிறுமியும் நாயும் வரும் பகுதியை ராத்திரியில் தனியாகப் பார்க்காதீர்கள்.